தெரியாது என்று சொன்னது

கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ. திறந்த முதல் வாரத்தைப் பற்றி எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1998 ஜூன் 27 அன்று மாமன்னர் திறந்துவைத்தார். அடுத்த சில நாட்களுக்குள் பழைய நிலையமான சுபாங்கின் பயணிகள் சேவைகள் செப்பாங்கிலுள்ள இந்தப் புதிய நிலையத்துக்கு மாறின. கேட் ஒதுக்கீட்டு முறை தடுமாறியது, பெட்டிகள் தேங்கின, ஐந்து மணி நேரத்துக்கும் மேலாகப் பெட்டிக்காகக் காத்திருந்தவர்களும் உண்டு. இவையெல்லாம் அன்றைய செய்திகளிலேயே வந்துவிட்டன. நான் எழுத நினைப்பது அந்தக் குழப்பத்துக்கு நடுவில், பிரதான முனையத்திலிருந்து தள்ளி நிற்கும் சாட்டிலைட் கட்டடத்தில், சென்னை விமானத்தின் கேட்டில் நின்றபடி ஓர் அம்மையாருக்கு நான் சொன்ன ஒரே ஒரு பதிலைப் பற்றி.

போர்டிங் முடியும் தறுவாயில் அவர் கேட்டார்: “தம்பி, என் பெட்டி ஏறிடுச்சா?”

இந்தக் கேள்விக்கு எங்களுக்குக் காலையிலேயே ஒரு பதில் கொடுக்கப்பட்டிருந்தது. “இந்த விமானத்தில் வராவிட்டால் அடுத்த விமானத்தில் வந்து சேரும்” என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் பேசக் கூடாது. நான் அதைச் சொல்லவில்லை. “ஏறியிருக்கலாம்மா. ஆனா எனக்கு உறுதியா தெரியாது” என்றேன்.

அது பொய்யில்லை. வழக்கமான நாளில் ஒவ்வொரு பெட்டியின் டேக்கையும் ஸ்கேன் செய்து, அது எந்தக் கன்டெய்னரில் ஏறியது என்பதைத் திரையிலேயே பார்த்துவிடலாம். அன்று திரை எதையும் காட்டவில்லை. கீழே ஆட்கள் கையால் பெட்டிகளை ஏற்றி, டேக்கின் ஓரத்தில் இருக்கும் சிறிய ஒட்டுத்தாளை உரித்து பிங்கோ ஷீட் என்னும் கணக்குத் தாளில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். என் கைக்கு வந்த ஷீட்டுகளில் வியர்வை பட்டுச் சில ஒட்டுகள் சுருண்டிருந்தன. இரண்டு ஒட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. ஒரு கன்டெய்னருக்கு ஷீட்டே வந்து சேரவில்லை. அந்த அம்மையாரின் டேக் எண்ணை நான் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. ஷீட் வராத கன்டெய்னரில் பெட்டி இருந்திருக்கலாம், பிரதான முனையத்தின் அடித்தளத்திலேயே கிடந்திருக்கவும் கூடும். இரண்டில் எது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

அவர் அண்ணன் மகள் திருமணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். சீர் சாமான் முழுவதும் அந்தப் பெட்டியில்தான் என்றார். சற்று நேரம் யோசித்துவிட்டு, “பெட்டி இல்லாம நான் போய் என்ன பண்றது? நாளைக்குப் போறேன்” என்று சொல்லி, போர்டிங் பாஸை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

இந்த இடத்தில்தான் எங்கள் தொழிலின் ஒரு விதி குறுக்கே வந்தது. பயணி பெட்டியில்லாமல் பறக்கலாம். ஆனால் செக்-இன் செய்துவிட்டு விமானம் ஏறாமல் நின்றுவிட்ட பயணியின் பெட்டி பறக்கக் கூடாது. 1985இல் ஏர் இந்தியா விமானம் அட்லாண்டிக் கடல்மேலும், 1988இல் பான் ஆம் விமானம் லாக்கர்பியின் மேலும் வெடித்துச் சிதறியதற்குக் காரணம், உரியவர் ஏறாமல் வெடிகுண்டு வைத்த பெட்டி மட்டும் ஏறியதுதான். அதனால் அவர் போகவில்லை என்று சொன்ன கணத்திலிருந்து, “பெட்டி ஏறியிருக்கலாம்” என்ற என் பதில் பாதுகாப்புப் பிரச்சினையாகிவிட்டது. ஷீட் இல்லாத கன்டெய்னரை இறக்கி, அதன் வாயை மூடியிருந்த திரைச்சீலையை விலக்கி, ஒவ்வொரு பெட்டியாகப் புரட்டிப் பார்த்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் காத்திருந்தார்கள். விமானப் பணிக்குழுவின் வேலை நேர வரம்பு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

பெட்டி அந்தக் கன்டெய்னரில்தான் இருந்தது.

அதை வெளியே எடுத்த உடனே கதவை மூடிவிட்டார்கள். விமானத்தின் எடைக் கணக்கான லோட் ஷீட் அவரில்லாமல் திருத்தி முடிக்கப்பட்டிருந்தது. அவரை மறுபடி ஏற்ற வேண்டுமானால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெட்டியை மேலே கொண்டுவந்து அவரிடம் காட்டியபோது விமானம் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அவர் கோபப்படவில்லை. “அப்ப உள்ளதான் இருந்துச்சா? நீ சும்மா இருந்திருந்தா நான் போயிருப்பேனே தம்பி” என்று மட்டும் கேட்டார். மறுநாள் விமானத்தில் இடம் வாங்கிக் கொடுத்தோம். திருமணத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தாரா என்று எனக்குத் தெரியாது. அந்த மறுநாள் நான் பணியில் இல்லை.

என் மேற்பார்வையாளர் சுபாங்கில் பல ஆண்டுகள் இருந்தவர், நான் அண்ணன் என்றே அழைத்தவர். அவரும் சத்தம் போடவில்லை. “உனக்குத் தெரிஞ்சதை நீ சொல்லியிருந்தா உன்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். தெரியாததைக் கொண்டுபோய் அந்த அம்மா தலையில வெச்சுட்டியே” என்றார். அந்த வாக்கியத்துக்கு அன்றும் பதில் சொல்ல முடியவில்லை, இன்றும் முழுமையாகச் சொல்ல முடியவில்லை.

என் பக்கத்து நியாயம் எளிது. பயணம் அவருடையது, பெட்டியும் அவருடையது. முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான் என்னும்போது நிலவரத்தை மறைத்துவைக்க எனக்கு உரிமை இல்லை. பெட்டி உண்மையிலேயே அடித்தளத்தில் கிடந்து, “வந்துவிடும்” என்று நான் அனுப்பிவைத்திருந்தால், அவர் மீனம்பாக்கத்தில் வெறுங்கையோடு நின்றிருப்பார். அந்த வாரத்தில் அப்படி நின்றவர்கள் பலர். ஆனால் அண்ணன் சொன்னதிலும் பொருள் உண்டு. எங்களுக்குக் கொடுக்கப்பட்ட பதிலும் பொய்யில்லை: ஏறாத பெட்டி, தவறிய பெட்டிகளுக்கு ஒட்டும் ரஷ் டேக்கோடு அடுத்த விமானத்தில் போகத்தான் செய்யும். நான் மட்டும் உண்மை பேசினேன், அவர்கள் மறைக்கச் சொன்னார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. அவருக்கு நான் கொடுத்தது தகவலா, கவலையா என்று கேட்டால், இரண்டும்தான். போதாததற்கு, அவர் முடிவின் விளைவை அவர் மட்டும் சுமக்கவில்லை. விமானம் முழுவதும் சுமந்தது. அவர் போகவில்லை என்றால் தேடுதல் நடக்கும், பெட்டி கிடைத்தாலும் திரும்ப ஏற முடியாமல் போகலாம் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை என்பது உண்மை. சொல்லியிருந்தால் அவர் ஏறியிருப்பாரோ என்ற எண்ணமும் உண்டு.

சில சமயம் இந்தப் பழியைத் திறப்பு நாளின்மேல் போட்டுப் பார்க்கிறேன். செப்டம்பர் 11இல் கோலாலம்பூரில் காமன்வெல்த் போட்டிகள் தொடங்கவிருந்தன. அதற்கு முன் திறந்தாக வேண்டும். அமெரிக்காவின் டென்வர் விமான நிலையத்தில் பெட்டி கையாளும் இயந்திரம் ஒத்துழைக்காததால் திறப்பையே 16 மாதங்கள் தள்ளி 1995 பிப்ரவரியில்தான் திறந்தார்கள். அப்படித் தள்ளியிருக்கலாமே என்பவர்கள், பாதியைச் சுபாங்கிலும் பாதியைச் செப்பாங்கிலும் நடத்தியிருக்கலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது யோசனையை நான் ஏற்பதில்லை. பினாங்கிலிருந்து வந்து லண்டன் விமானம் பிடிப்பவரை இரண்டு நிலையங்களுக்கு நடுவில் நெடுஞ்சாலையில் அலையவிட முடியாது. விரைவு ரயில்கூட 2002இல்தான் வந்தது. நிலையம் மாறுவதென்றால் ஒரே மூச்சில்தான் மாற வேண்டும். 1998 அக்டோபர் 8இல் ஒஸ்லோ நகரம் ஃபோர்னெபு என்ற பழைய நிலையத்திலிருந்து கார்டர்மூன் என்ற புதிய நிலையத்துக்கு அப்படித்தான் மாறியது. எங்களுக்குச் சில நாட்கள் கழித்து, ஜூலை 6இல் திறந்த ஹாங்காங்கின் புதிய நிலையம் சரக்குக் கையாள்வதில் எங்களைவிட மோசமாகத் தவித்தது.

செக்-இன் முதல் கேட் திரை வரை அனைத்தையும் ஒரே கணினி அமைப்பில் இணைத்ததுதான் கே.எல்.ஐ.ஏ.வின் பெருமை. அந்தப் பெருமையை நான் மனதார ஏற்றுக்கொள்கிறேன். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் குரோகாவா வரைந்த கூரையையும் சாட்டிலைட்டின் நடுவில் வளரும் காட்டையும் போலவே அதையும் புதியவர்களுக்குக் காட்டுவேன். ஆனால் அந்த இணைப்பு அறுபடும் நாளில் கேட்டில் நிற்பவருக்கு எதுவுமே தெரியாமல் போகிறது. தெரியாதவர் பயணியிடம் எப்படிப் பேச வேண்டும் என்று யாரும் வடிவமைக்கவில்லை. தேதியை எத்தனை மாதம் தள்ளியிருந்தாலும் அதை யாராவது யோசித்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

2019 ஆகஸ்டில் கணினி வலையமைப்பு பழுதாகி, விமான விவரங்களை வெள்ளைப் பலகையில் எழுதிவைத்த நாட்களில், என்னோடு வேலை செய்த ஓர் இளம்பெண், “அண்ணே, பெட்டி ஏறுச்சான்னு கேட்டா என்ன சொல்ல?” என்று கேட்டாள். கொடுத்த பதிலை மட்டும் சொல், மேலே பேசாதே என்றேன். அவள் முகம் வாடியது. நானே அதை நம்பித்தான் சொன்னேனா, வரிசை நீண்டுகொண்டிருந்ததால் சொன்னேனா என்று இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை. உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின், 2018 முதல் நடப்பில் உள்ள விதி எண் 753 பெட்டி கைமாறும் நான்கு இடங்களில் அதைப் பின்தொடர்ந்து பதிய வேண்டும் என்கிறது. பயணியே செல்பேசியில் பார்த்துக்கொள்ளும் காலமும் வந்துவிட்டது. அமைப்பு நின்றுபோகும் நாளில் அவையும் நின்றுபோகும்.

எங்கள் பயிற்சிக் கையேட்டில் ஒரு வரி சேர்க்கக் கேட்டிருக்கிறேன். பெட்டியின் நிலை தெரியாதபோது, தெரியாது என்பதையும், பயணி விலகினால் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதையும் போர்டிங் தொடங்குவதற்கு முன்பே சொல்ல வேண்டும். முதல் முறை நிராகரித்துவிட்டார்கள்: அப்படிச் சொன்னால் பாதிப் பேர் ஏற மாட்டார்கள் என்றார்கள். அது நடக்கக்கூடியதுதான் என்று நானும் நினைக்கிறேன். ஆயினும் அடுத்த திருத்தத்துக்கு மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.