கான்ஸ்டான்டிநோபிள் குறிப்பேடு: ஒரு கடன் கணக்கு

ஏப்ரல் 9

கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியம் சரிந்ததென்றால், 1453இல் அதன் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளின் மதிலைத் துருக்கியர் இடித்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். கணக்கை 1201இலிருந்து பார்க்க வேண்டும். எருசலேமை மீட்கக் கிளம்பிய மேற்கு ஐரோப்பியரின் நான்காம் சிலுவைப் படையைக் கப்பலில் ஏற்றிச் செல்ல, இத்தாலியத் துறைமுகக் குடியரசான வெனிஸோடு போட்ட ஒப்பந்தம்: 4,500 குதிரைவீரர், 9,000 ஏவலர், 20,000 காலாட்கள். ஆளுக்கு 2 மார்க், குதிரைக்கு 4. குதிரை 4,500; ஆக மொத்தம் 85,000 வெள்ளி மார்க். வெனிஸ் கப்பல்களைத் தயார் செய்துவிட்டது. 1202இல் வந்து சேர்ந்ததோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வெனிஸில்தான் ஏற வேண்டும் என்று யாரையும் கட்டுப்படுத்தவில்லை. பலர் வேறு துறைமுகம் போனார்கள். பேசிய தொகை மட்டும் குறையவில்லை. 34,000 மார்க் துண்டு விழுந்தது.

ஏப்ரல் 10

கடனைத் தள்ளிப்போட முதலில் அட்ரியாட்டிக் கரை நகரமான ஜாராவை வெனிஸுக்குப் பிடித்துக் கொடுத்தார்கள். அதுவும் கத்தோலிக்க ஊர்! அடுத்து, பதவியிழந்த பைசாந்தியப் பேரரசரின் மகன் அலெக்சியோஸ், அரியணை வாங்கித் தந்தால் 200,000 மார்க் தருவதாகச் சொன்னான். 1203இல் அரியணை கிடைத்தது, கஜானா காலி. அரியணையைப் பறித்திருந்து, இப்போது தப்பியோடிய பெரியப்பா 1,000 பவுண்டு தங்கத்தோடு போயிருந்தார். தேவாலய வெள்ளியை உருக்கியும் பாதிதான் தேறியது. ஊர் கொதித்தது, 1204 தொடக்கத்தில் அவனைக் கொன்றார்கள். கடன் அடையாமலே நின்றது.

ஏப்ரல் 12

1204இல் இதே தேதியில் நகரம் விழுந்தது. உடைந்தது தரைப்பக்கத்து அடுக்கு மதில் அல்ல, நகரை ஒட்டிய பொற்கொம்பு என்ற கடற்கழியின் கரையிலிருந்த ஒற்றை மதில். 9ஆம் தேதித் தாக்குதல் தோற்றது: எதிர்காற்று கப்பல்களை அண்டவிடவில்லை, கோபுரத்துக்கு ஒரு கப்பல் என்று போனதால், மேலே நின்றவர்களே அதிகம். 12ஆம் தேதி இரண்டிரண்டாகப் பிணைத்தார்கள். பாய்மர உயரத்தில் பாலம். வடகாற்று கப்பல்களை மதிலோடு சேர்த்தது.

தடுக்கக் கடற்படை எங்கே? 1203இல் மிஞ்சியவை சுமார் 20 உளுத்த கப்பல்கள். தளபதி ஸ்ட்ரிஃப்னோஸ் ஆணி, நங்கூரம், பாய் வரை விற்றுவிட்டதாக அக்கால பைசாந்திய வரலாற்றாசிரியர் நிகெடாஸ் கோனியாடெஸ் எழுதுகிறார். 1082இல் வெனிஸுக்குச் சுங்கவிலக்குக் கொடுத்துக் கடற்காவலுக்கு அவர்களை நம்பிய பழக்கமும் இதில் சேர்த்தி.

ஏப்ரல் 13

கொள்ளை மூன்று நாள். நான்கு வெண்கலக் குதிரைகளும் வெனிஸுக்கு.

ஏப்ரல் 16

வென்றவர்கள் போட்ட பங்குப் பத்திரத்தில் பேரரசின் எட்டில் மூன்று பங்கு வெனிஸுக்கு. 1261இல் நகரம் பைசாந்தியர் கைக்கு மீண்டது, வருமானம் மீளவில்லை. செலவு மிச்சமென்று 1285இல் கடற்படையைக் கலைத்தார்கள். பெரிய தவறு அதுதான். 1348 வாக்கில் பொற்கொம்பின் எதிர்க்கரையில் கலாட்டா என்ற குடியிருப்பில், இத்தாலிய ஜெனோவா நகர வணிகருக்கு ஆண்டுச் சுங்கம் 200,000 ஹைபர்பைரான் (பைசாந்தியத் தங்க நாணயம்), பேரரசருக்கு 30,000. முடிநகைகள் 1343இலேயே 30,000 டுகாட்டுக்கு (வெனிஸின் தங்க நாணயம்) வெனிஸில் அடகு போயிருந்தன. 1347 முடிசூட்டலுக்கு வைத்தது கண்ணாடிக் கல். விருந்து ஈயத்தட்டிலும் மண்தட்டிலும். நகைகளை மீட்கவேயில்லை.