மேக்ஸிமம் கார்னேஜ்: 14 பாகங்களும் ஒரே சண்டையும்

மார்வெல் நிறுவனம் 1993இல் வெளியிட்ட 'மேக்ஸிமம் கார்னேஜ்' என்ற காமிக்ஸ் கிராஸ்ஓவரை (பல இதழ்களில் பரவி வரும் ஒரே கதையை), முந்நூறு பக்கங்களைத் தாண்டும் ஒரே தொகுப்பாக அண்மையில் படித்து முடித்தேன். ஸ்பைடர்மேன் வாசகர்களிடம் இந்தக் கதைக்கு இருக்கும் பெயர் விசித்திரமானது. பாராட்டிப் பேசுபவர்கள் குறைவு. ஆனாலும் அந்தக் காலத்து ஸ்பைடர்மேன் கதைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்தப் பெயர் வராமல் இருக்காது. குறை சொல்பவர்கள் வழக்கமாகச் சொல்வது, கதை இழுத்துக்கொண்டே போகிறது என்பதுதான். இதைவிட நீளமான கதைகளைச் சலிப்பில்லாமல் படித்திருப்பவர்கள் நாம் என்பதால், நீளத்தின்மேல் மட்டும் பழியைப் போட எனக்கு மனம் வரவில்லை. கதையை எப்படிக் கூறு போட்டார்கள், யார் யாரிடம் எந்தக் கூறைக் கொடுத்தார்கள் என்று பார்த்தால், அலுப்பு எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாகவே புலப்படுகிறது.

அப்போது ஸ்பைடர்மேனுக்கு நான்கு மாத இதழ்கள் வந்துகொண்டிருந்தன: அமேசிங் ஸ்பைடர்மேன், ஸ்பெக்டாகுலர் ஸ்பைடர்மேன், வெப் ஆஃப் ஸ்பைடர்மேன், அடைமொழி ஏதுமில்லாத ஸ்பைடர்மேன். இவை போதாதென்று, ஸ்பைடர்மேன் அன்லிமிடெட் என்ற பெயரில் பெரிய அளவிலான ஐந்தாவது இதழ் ஒன்றும் அந்த ஆண்டில் தொடங்கப்பட்டது. அதன் முதல் இதழில் தொடங்கும் கதை, நான்கு மாத இதழ்களிலும் மூன்று சுற்று வந்து, அன்லிமிடெட்டின் இரண்டாவது இதழில் முடிகிறது. ஆக மொத்தம் 14 பாகங்கள், எழுத்தாளர்கள் நான்கு பேர், ஓவியர்கள் ஐந்து பேர். ஒரு கதை கேட்டதால் 14 பாகம் வந்ததா, ஐந்து இதழ்களை நிரப்ப வேண்டியிருந்ததால் ஒரு கதை வந்ததா என்ற சந்தேகம் இந்தக் கணக்கைப் பார்த்த உடனேயே எழுந்துவிடுகிறது.

தொடக்கம் நன்றாகவே இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். இதற்குச் சற்று முன்புதான் ஸ்பெக்டாகுலர் ஸ்பைடர்மேனின் 200ஆவது இதழில், ஸ்பைடர்மேன் முகமூடிக்குள் இருக்கும் பீட்டர் பார்க்கரின் நெருங்கிய நண்பன் ஹாரி ஆஸ்போர்ன் இறந்துபோகிறான். ஜே. எம். டிமாட்டீஸ் எழுதி சால் புஸெமா வரைந்த அந்த இதழின் கடைசிப் பக்கங்களில் ஒரு வசனம்கூடக் கிடையாது. முகங்களை வைத்தே ஒரு சாவைச் சொல்லி முடித்திருப்பார்கள். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் கார்னேஜ் தப்பிவிடுகிறான். கார்னேஜ் என்பவன் கிளீட்டஸ் கசடி என்ற தொடர் கொலைகாரன். ஸ்பைடர்மேனின் பழைய எதிரியான வெனமின் உடலை மூடியிருக்கும் வேற்றுக்கிரக உயிரியின் வாரிசு இவன் உடம்பில் ஒட்டிக்கொண்டது. அந்த உயிரி செத்துவிட்டது என்று நம்பி அவனை ரேவன்கிராஃப்ட் மனநலச் சிறையில் வைத்திருக்கிறார்கள். அது செத்துப்போகாமல் அவன் ரத்தத்திலேயே கலந்து ஊறிக் கிடந்திருக்கிறது என்பதை, அவன் ரத்தத்தைச் சோதிக்கப் போகிறவர்கள் தங்கள் உயிரைக் கொடுத்துத் தெரிந்துகொள்கிறார்கள். ஓசையால் கொல்லக்கூடிய ஷ்ரீக் என்ற பெண்ணை அதே சிறையிலிருந்து விடுவித்துக்கொண்டு அவன் வெளியேறும்போது, இனி நியூயார்க்கின் கதி என்ன என்ற பதைப்பு நமக்கும் தொற்றிக்கொள்கிறது.

அந்தப் பதைப்பு இரண்டு மூன்று பாகங்கள் தாங்குகிறது. கார்னேஜின் கூட்டத்தில் ஆறு கைகள் கொண்ட டாப்பல்கேங்கர் சேர்கிறான், டெமோகாப்ளின் சேர்கிறான், கேரியன் சேர்கிறான். எதிர்ப்பக்கத்தில் கிளோக், டேகர், பிளாக் கேட், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு வரும் வெனம், ஃபயர்ஸ்டார், மார்பியஸ், டெத்லாக், அயர்ன் ஃபிஸ்ட், நைட்வாட்ச், பிற்பகுதியில் கேப்டன் அமெரிக்கா என்று பட்டியல் நீள்கிறது. நைட்வாட்சைப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஸ்பைடர்மேன் வரைந்து புகழ்பெற்ற டாட் மெக்ஃபார்லேன் மார்வெலை விட்டு வெளியேறி, 1992இல் இமேஜ் நிறுவனத்தில், பெரிய அங்கி போர்த்திய நாயகனான ஸ்பானின் இதழைத் தொடங்கி விற்பனையில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தார்; மறு ஆண்டே மார்வெலில் இப்படிப் பெரிய அங்கி போர்த்திய ஒருவர் தோன்றினால், யாரைப் பார்த்து வரைந்தார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆட்கள் கூடுகிறார்களே தவிர, நடப்பது ஒன்றாகவே இருக்கிறது. கார்னேஜின் கூட்டம் ஓரிடத்தில் புகுந்து மக்களைத் தாக்கும், ஸ்பைடர்மேனும் கூட இருப்பவர்களும் அங்கே வந்து சேர்வார்கள், அடிதடி நடக்கும், நல்லவர்கள் அடிபட்டுக் கீழே கிடக்க, கார்னேஜ் அவர்களைக் கொல்லாமல் வேறிடம் தேடிப் போய்விடுவான், எழுந்தவர்கள் அவனைக் கொல்லலாமா கூடாதா என்று விவாதித்துக்கொண்டே அடுத்த இடத்துக்குப் புறப்படுவார்கள். ஒருவன் கோபித்துக்கொண்டு பிரிவான், இரண்டு பாகம் கழித்துத் திரும்பி வருவான். நடுப்பகுதியில் இரண்டு பாகங்களை இடம் மாற்றி அடுக்கியிருந்தால்கூட நான் கண்டுபிடித்திருப்பேனா என்பது ஐயம்தான். பேரழிவு வெறி கொண்ட ஒருவன், மயங்கிக் கிடக்கும் எதிரிகளை ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டுப் போவதற்குக் கதைக்குள் காரணம் தேடிப் பயனில்லை. இதழின் இருபத்திரண்டு பக்கங்கள் தீர்ந்துவிட்டன என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

இங்கேதான் இதழ்முறை தன் வேலையைக் காட்டுகிறது. மாத இதழ் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சண்டையையும், வாசகனை அடுத்த வாரம் கடைக்கு வரவழைக்கும் ஒரு முடிச்சையும் கொண்டிருக்க வேண்டும். எந்த இதழையும் யாரோ ஒருவர் முதன்முதலாகக் கையில் எடுக்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுத வேண்டும் என்பது அமெரிக்க காமிக்ஸ் தொழிலில் வழிவழியாக வந்த பாடம். அதன்படி, வெப் ஆஃப் ஸ்பைடர்மேனை மட்டும் வாங்குபவருக்கு அமேசிங்கில் நடந்தது தெரியாது என்பதால், யார் தப்பித்தான், யார் செத்தாள், பீட்டருக்கு உடம்பில் எங்கே அடி என்பதெல்லாம் ஒவ்வொரு பாகத்திலும் எண்ணக்குமிழ்களில் மறுபடி சொல்லப்படுகிறது. வாரம் ஒன்றாக வாங்கிப் படித்தவருக்கு அது நினைவூட்டல். தொகுப்பில் படிக்கும் நமக்கோ, வார இதழிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொடர்கதையில் 'முன்கதைச் சுருக்கம்' பகுதிகளையும் சேர்த்தே தைத்துவிட்டதுபோல் இருக்கிறது. பைண்டு புத்தகத்திலாவது அதைத் தாண்டிக்கொண்டு போகலாம். இங்கே அது வசனத்துக்குள்ளேயே கரைந்து கிடப்பதால் தாண்டவும் வழியில்லை.

ஆனாலும் முன்கதைச் சுருக்கத்தை நான் மன்னித்துவிடுவேன். உண்மையில் என்னைச் சோர்வடையச் செய்தது அந்த விவாதம். கார்னேஜைக் கொன்றால்தான் தீரும் என்கிறான் வெனம். கொன்றுவிட்டால் நமக்கும் அவனுக்கும் என்ன வேறுபாடு என்கிறான் ஸ்பைடர்மேன். இரண்டும் கேட்கத் தகுந்த கட்சிகள். நண்பனைப் புதைத்த கையோடு வந்திருப்பவன் பேசும்போது அதற்குக் கனமும் கூடுகிறது. சிக்கல் என்னவென்றால், நான்காம் பாகத்தில் பேசியதையே பத்தாம் பாகத்திலும் பேசுகிறார்கள். பேசுகிறவர்களில் யாருடைய மனமும் ஓர் அங்குலம்கூட நகர்வதில்லை. ஃபயர்ஸ்டாரின் வெப்ப ஆற்றல் அந்த உயிரிக்கு எதிரான சரியான ஆயுதம் என்பதால், கொல்லும் எல்லைவரை போகலாமா என்ற கேள்வி அவள் தலையில் விழும் கட்டம் ஒன்று வருகிறது. விவாதம் பேச்சை விட்டுச் செயலில் இறங்கும் அரிய இடம் அது. அதையும் அடுத்த சண்டை விழுங்கிவிடுகிறது.

ஏன் நகரவில்லை என்றால், நகர்த்தும் உரிமை எந்த எழுத்தாளரிடமும் இல்லை. பீட்டரின் மனமாற்றத்தை ஒருவர் தன் பாகத்தில் எழுதிவிட்டால், அடுத்த பாகத்தை எழுதுபவர் கையில் இருக்கும் பீட்டர் வேறொருவன் ஆகிவிடுவான். ஆகவே பெரிய திருப்பங்கள் எல்லாம் இரண்டு அன்லிமிடெட் இதழ்களில் ஒதுங்கிக்கொள்ள, நடுவில் இருக்கும் பன்னிரண்டு பாகங்கள் வாங்கிய நிலையிலேயே பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கின்றன. கார்னேஜைக் கொல்லவும் முடியாது, ஏனென்றால் 1992இல்தான் முழு உருவில் அறிமுகமாகி இதழ்களை விற்றுத் தந்துகொண்டிருந்த பாத்திரம் அது. கதாநாயகன் நேர்மையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு வணிகம் முன்னதாகவே பதில் எழுதி வைத்துவிட்டது.

பல இதழ்களில் பரவினாலே கதை இப்படித்தான் ஆகும் என்று சொல்லிவிடவும் முடியாது. 1987இல் வந்த 'கிரேவன்ஸ் லாஸ்ட் ஹண்ட்' மூன்று ஸ்பைடர்மேன் இதழ்களில் மாறி மாறி ஆறு பாகங்களாக வெளிவந்த கதை. ஆனால் ஆறையும் எழுதியவர் டிமாட்டீஸ் ஒருவரே, வரைந்தவர் மைக் ஸெக் ஒருவரே. அந்தந்த இதழின் வழக்கமான கதைகளை இரண்டு மாதம் ஓரமாக ஒதுக்கிவிட்டு ஒரே குரலுக்கு இடம் கொடுத்தார்கள். ஸ்பைடர்மேனை உயிரோடு புதைப்பதும், அவன் மண்ணைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதும், அவனைப் புதைத்த வேட்டைக்காரன் கிரேவன் தன் முடிவைத் தானே தேடிக்கொள்வதும் ஒருமுறை நடக்கின்றன, ஒருமுறைதான் நடக்கின்றன. அதே டிமாட்டீஸ் மேக்ஸிமம் கார்னேஜிலும் இருக்கிறார் என்பதை நினைக்கும்போது, திறமைப் பஞ்சம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அவர் எழுதிய ஸ்பெக்டாகுலர் பாகங்களில் மூச்சுவிட இடம் கிடைக்கிறது. கார்னேஜ் தன் கூட்டத்தைக் 'குடும்பம்' என்று அழைப்பதும், ஷ்ரீக் அதை நம்பித் தாயாகவே மாறிவிடுவதும் இந்தக் கதையின் உருப்படியான கற்பனை. பேசத் தெரியாத டாப்பல்கேங்கரை அவள் பெற்ற பிள்ளையைப்போல் தடவிக் கொடுக்கிறாள். அவன் நாயைப்போல் அவள் காலடியில் கிடக்கிறான். கார்னேஜ் சிடுசிடுக்கும் தகப்பன். பிற்பாடு கார்னேஜ் அந்த டாப்பல்கேங்கர்மேலேயே பாயும்போது அவள் முகத்தில் தெரியும் அதிர்ச்சி, அத்தனை சண்டைகளிலும் கிடைக்காத ஒன்றைத் தருகிறது. புஸெமாவின் கோடுகள் இதற்கு வெகுவாகப் பொருந்துகின்றன. அவர் வரையும் முகங்கள் தசை இறுகி, பல் தெரியக் கோணிக்கொண்டு, அழுகைக்கும் வெறிக்கும் நடுவில் நிற்கும். மார்க் பேக்லியின் அமேசிங் பக்கங்கள் இவற்றைவிட மினுமினுப்பானவை. கார்னேஜின் உருவத்தை அமைத்த கை அவருடையது என்பது ஒவ்வொரு சிவப்பு இழையிலும் தெரிகிறது.

கொலையைப் பற்றியும் ஒரு சொல். இத்தனை பேரைக் கொன்று குவிக்கும் கதை, அட்டையில் காமிக்ஸ் கோடு முத்திரையோடு வந்த கதை. மார்வெல் அந்தத் தணிக்கை அமைப்பை விட்டு விலகியது 2001இல்தான். எனவே கொலைகள் பெரும்பாலும் ஓவியக் கட்டத்துக்கு வெளியே நடக்கின்றன. கார்னேஜின் கை கோடரியாக நீளும், அடுத்த கட்டத்தில் யாரோ அலறுவார்கள், அதோடு சரி. ரத்தத்தைக் காட்டியிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. செத்தவருக்கு ஒரு பெயராவது கொடுத்திருந்தால், ஒருவருடைய வீட்டுக்காவது பின்தொடர்ந்து போயிருந்தால், எண்ணிக்கை கூடக் கூட மரத்துப்போகும் உணர்வைத் தவிர்த்திருக்கலாம். வீடு என்று இதில் இருப்பது பீட்டரின் வீடு மட்டும்தான். ஹாரியின் சாவுக்குப் பிறகு கொஞ்ச நாள் முகமூடியைத் தொட மாட்டேன் என்று கொடுத்த வாக்கை அவன் மீறுவதும், மனைவி மேரி ஜேன் பொறுமை இழப்பதும் உண்மையான தம்பதிச் சண்டையாகத் தொடங்கி, அதுவும் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறது.

அன்றைய சந்தை நிலவரத்தை வைத்துப் பார்த்தால் இதெல்லாம் வியப்பளிக்காது. 1991இல் எக்ஸ்மென் முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் கடைகளுக்குப் போயிருந்தது. 1992 இறுதியில் சூப்பர்மேனைக் கொன்ற போட்டி நிறுவனமான டிசி, அடுத்த ஆண்டு பேட்மேனின் முதுகெலும்பை முறித்தது. பின்னாளில் விலை ஏறும் என்று நம்பி ஒரே இதழைப் பல பிரதிகள் வாங்கி உறையில் போட்டு வைத்தவர்களின் காலம் அது. உறையைப் பிரிக்காதவருக்கு, ஆறாம் பாகமும் எட்டாம் பாகமும் ஒன்றுபோல் இருப்பது தெரியப் போவதில்லை. 1996 டிசம்பரில் மார்வெல் திவால் மனு கொடுத்தபோது இந்த ஆட்டம் ஓய்ந்திருந்தது.

கதை முடியும் விதத்தில் ஒரு நேர்த்தி இருந்தும் அது முழுதாகக் கைகூடவில்லை. ஷ்ரீக் தன் ஆற்றலால் நகர மக்களின் உள்ளிருக்கும் வெறுப்பைக் கிளறி, ஒருவரையொருவர் அடித்துக்கொள்ள வைக்கிறாள். அதற்கு மாற்றாக, மனிதரின் நல்லுணர்வைத் தூண்டும் ஒளிக்கருவி ஒன்றை நல்லவர்கள் கொண்டுவருகிறார்கள். விவாதத்துக்கு விடை காண முடியாமல் போனதும் பொறியை வைத்து விடை வாங்குகிறார்கள் என்றே எனக்குப் பட்டது. கடைசி மோதல் வெனமுக்கும் கார்னேஜுக்கும் இடையில்தான் நடக்கிறது. உயர் அழுத்த மின்சாரத்தில் இருவரும் விழ, கார்னேஜ் பிடிபடுகிறான், வெனம் நழுவிவிடுகிறான். கொல்லலாமா என்ற கேள்வி கேட்டவர்களிடமே திரும்பிப் போய்விடுகிறது.

புதிதாகப் படிக்க விரும்புபவர்கள், அன்லிமிடெட் இரண்டு இதழ்களையும் நடுவில் ஸ்பெக்டாகுலரின் 201 முதல் 203 வரையிலான மூன்று இதழ்களையும் படித்தால் போதும். ஐந்து இதழ்களில் கதை ஓரளவு முழுமையாகவே கிடைத்துவிடும், விட்டுப்போனதை எண்ணக்குமிழ்கள் பார்த்துக்கொள்ளும். முழுவதையும் படித்தே தீருவேன் என்பவர்கள் நாளுக்கு ஒரு பாகம் வீதம் படிப்பது நல்லது. 1994இல் இதை வீடியோ கேமாகவும் கொண்டுவந்தார்கள். சிவப்பு நிறக் கேட்ரிட்ஜில் வந்த அந்த ஆட்டத்தில், இடமிருந்து வலமாக நடந்துகொண்டே, திரும்பத் திரும்ப வரும் அதே அடியாட்களை அதே குத்துகளால் வீழ்த்த வேண்டும். அதில் யாருக்கும் அலுப்புத் தட்டியதாகத் தெரியவில்லை.