ஆறு பென்ஸ் கௌரவம்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமிலிருந்து ஈஸ்ட்வுட்டுக்கு பஸ்ஸில் அதிக தூரமில்லை. ஆங்கில நாவலாசிரியர் டி.எச். லாரன்ஸின் ஊர். அவர் சிறுவனாக இருந்தபோது நடந்து போகும் தூரத்தில் பத்து நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தனவாம். இப்போது ஒன்றுகூட இயங்கவில்லை.

1885-ல் அவர் பிறந்த விக்டோரியா தெரு 8ஏ எண் வீடு இன்று மியூசியம். செங்கல் வரிசை வீடுகளில் ஒன்றுதான், ஆனால் முன் ஜன்னல் மட்டும் பெரிது. அம்மா லிடியா அதில் குழந்தைத் துணிகளும் லேஸும் வைத்து விற்றுப் பார்த்தார். படித்தவர், கொஞ்சநாள் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். அப்பா ஆர்தர் சுரங்கத் தொழிலாளி, தன் பெயரை எழுதவே திணறுவார். 'சன்ஸ் அண்ட் லவ்வர்ஸ்' (1913) நாவலின் மொத்தச் சண்டையும் இந்தப் பொருத்தத்தில்தான் இருக்கிறது.

நடைபாதையில் வழிகாட்டத் தீட்டியிருக்கும் நீலக் கோட்டின் வழியே சரிவில் இறங்கினால், 1887-ல் குடும்பம் குடிபோன பிரீச் வீடு. நாவலில் 'பாட்டம்ஸ்' என்று வருவது இதுதான். நான் பார்க்க ஆசைப்பட்டதும் இதைத்தான். வரிசையின் கடைசி வீடு. ஒரு பக்கம்தான் அண்டை வீடு, மறுபக்கம் கூடுதலாக ஒரு துண்டுத் தோட்டம். நடு வீடுகளுக்கு வார வாடகை 5 ஷில்லிங், இதற்கு ஐந்தரை. அந்த அரை ஷில்லிங், அதாவது ஆறு பென்ஸ், கூடுதலாகக் கொடுப்பதால் நாவலின் அம்மாவான திருமதி மொரெலுக்கு மற்றப் பெண்களிடையே தனி கௌரவம் என்று எழுதுகிறார் லாரன்ஸ். பிரபு மாளிகைக்கும் குடிசைக்கும் நடுவில் அல்ல, ஒரே வரிசை வீடுகளுக்குள்ளேயே மேல் கீழ்! நல்ல அறை தெருவைப் பார்க்கும், ஜன்னலில் திரை தொங்கும். ஆனால் குடும்பம் புழங்குவதெல்லாம் சாம்பல் குழிகளைப் பார்த்த பின்கட்டுச் சமையலறையில்.

கரித்தூசியோடு வந்து அந்தச் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிடும் மனுஷன் வீட்டுக்கே அந்நியனாகிவிடுகிறார். பிள்ளைகள் அம்மா கட்சி. குடித்தார், அடித்தார், கர்ப்பிணி மனைவியை ராத்திரியில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார், எல்லாம் நாவலில் உண்டு, நியாயப்படுத்த முடியாது. ஆனாலும் அவருக்காக வாதாட அந்த வீட்டில் ஒருவர்கூட இல்லை என்பது எனக்கு உறுத்தியது. அப்பாவுக்கு நியாயம் செய்யவில்லை என்று லாரன்ஸே பின்னாளில் வருந்தியதாகச் சொல்வார்கள்.

அவரே எழுதிவைத்த ஒரு சம்பவம் உண்டு. அம்மா 1910 டிசம்பரில் இறந்துபோகிறார். முதல் நாவலின் பிரதி அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. அப்பா அதில் அரைப் பக்கம் தட்டுத்தடுமாறிப் படித்துவிட்டு, "இதுக்கு எவ்வளவுடா குடுத்தாங்க?" என்கிறார்.

"ஐம்பது பவுண்டுப்பா."

"ஐம்பது பவுண்டா! நீ ஒருநாளும் உடம்பு வளைஞ்சு வேலை செஞ்சதே இல்லையேடா!"