பிளாக்வாட்டர் சேற்றில் நிற்கும் மீன் வேலிகள்

இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் கடலோரத்தில் உள்ள பிராட்வெல்லுக்கு வருபவர்கள் பெரும்பாலும் புனித பீட்டர் தேவாலயத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள். கி.பி. 654 வாக்கில் செட் என்ற துறவி, பாழடைந்த ரோமானியக் கோட்டையின் கல்லையும் செங்கல்லையும் எடுத்துக் கட்டியது. அருமையான கட்டடம்தான். ஆனால் நான் போனது அதைத் தாண்டி விரியும் சேற்றுவெளிக்காக.

பிளாக்வாட்டர் ஆறு கடலில் சேரும் இடம் அது. கடல் உள்வாங்கி வற்றம் முற்றிய நேரத்தில் சேல்ஸ் பாயின்ட் முனையிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தேன். சேற்றுக்கு மேலே கறுத்த மரமுளைகள் வரிசையாகத் தெரிந்தன. ஆயிரம் ஆண்டுக்கும் முந்தைய சாக்ஸன் காலத்து மீன் வேலிகள்! இதே கழிமுகத்தில் காலின்ஸ் கிரீக்கில் ஆயிரக்கணக்கான முளைகள் இருக்கின்றன. கரிமக் காலக்கணிப்பு அவற்றை கி.பி. 7 முதல் 10-ஆம் நூற்றாண்டு வரை வைக்கிறது.

முளைகளுக்கு நடுவே மிலாறுகளை, அதாவது வளையும் சிறு குச்சிகளை, பின்னிப் படல் கட்டுவார்கள். இரண்டு நீண்ட வேலிகள் கரைப் பக்கம் அகன்றும் கடல் பக்கம் நெருங்கியும் ஒரு மூலையில் சேரும். ஏற்றத்தில் தண்ணீர் வேலியை மூடிவிடும். மீன் இரை தேடிக் கரையோரம் வரும். வற்றும்போது திரும்புகிற மீனை வேலி மறித்து, மூலையில் வைத்த பறி என்னும் மீன்கூடைக்குள் தள்ளிவிடும். படகு வேண்டாம், வலை வீசவும் வேண்டாம். ஆனால் நாளுக்கு இரண்டு வற்றம். நள்ளிரவானாலும் சேற்றில் இறங்கி அள்ளியாக வேண்டும், இல்லாவிட்டால் கடற்காகங்கள் முந்திக்கொள்ளும்.

என்னை மலைக்க வைத்தது அந்த உழைப்பு. மரம் வெட்டி, கூராக்கி, அடுத்த ஏற்றத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும். ஒரு மீனவக் குடும்பம் தனியாகச் செய்கிற வேலையா இது? பின்னால் மடமோ பெருநிலக்கிழாரோ இருந்திருக்க வேண்டும். விரத நாட்களில் இறைச்சியை ஒதுக்கிய துறவிகளுக்கு மீன் தேவைப்பட்டது. தேவாலயத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இந்த வேலி இருப்பதைத் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

அப்புறம் ஆறுகளில் இத்தகைய வேலிகள் படகுகளுக்கே இடைஞ்சலாகிவிட்டன. 1215-இல் வந்த மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தின் 33-வது பிரிவு, தேம்ஸ், மெட்வே உட்பட இங்கிலாந்து முழுவதும் அவற்றை அகற்றச் சொல்கிறது. கடற்கரையில் உள்ளவற்றுக்கு மட்டும் விலக்கு.

காற்றுப் புகாத சேறுதான் இந்த மரத்தை இவ்வளவு காலம் காத்தது. அலை அரித்து முளை வெளியே வந்தால், அங்கிருந்து அழிவுதான். தேவாலயத்துக்குக் கிடைக்கும் கவனத்தில் கால்வாசியாவது இவற்றுக்குக் கிடைக்க வேண்டும்.

போக நினைப்பவர்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, கடல் நன்றாக உள்வாங்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். கரையிலிருந்தே பாருங்கள். அந்தச் சேறு ஆளை இழுத்துக்கொள்ளும், ஏற்றமும் வேகமாக வரும்.