லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த முகாம் கத்தி: தோப்பு வேலையில் சோதித்தது

முதலில் அளவு. வாய் நீளம் 20 செ.மீ., அகலம் 4 செ.மீ., முதுகுத் தடிமன் 5 மி.மீ., எடை 400 கிராமை ஒட்டி. லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சிப் பட்டறையில் அடித்தது. இந்தப் பட்டைகளில் பரவலாகப் புழங்கும் இஎன் 45 எஃகில் கரி (கார்பன்) 0.6 சதவீதத்தை ஒட்டி இருக்கும், கூடவே சிலிக்கானும் மாங்கனீசும். காம்பு, அதாவது பிடிக்குள் போகும் எஃகுப் பகுதி, பிடியின் கடைசி வரை ஓடுகிறது. இருபுறமும் புளியங்கட்டை, மூன்று பித்தளை ஆணி.

மரத்தில் வைப்பதற்கு முன்பே தோய்ச்சல், அதாவது காய்ச்சி முக்கிக் கடினமாக்கிய பதம், எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அரத்தை முதுகில் தேய்த்தால் நன்றாகப் பிடிக்க வேண்டும். வாய்ப்பக்கம் வழுக்கிக்கொண்டே லேசாகப் பிடிக்க வேண்டும். அடுத்தது பித்தளைக் கம்பி. 6 மி.மீ. கம்பியை மேசையில் இறுக்கி, வாயைச் சாய்த்து அழுத்தி இழுத்தால், மெல்லிய விளிம்பு சற்று வளைவது கண்ணுக்குத் தெரியும். வளைந்து பழையபடி திரும்பினால் பதம் சரி. வளைந்தபடியே நின்றால் இளம்பதம், உதிர்ந்தால் பதம் மிஞ்சிவிட்டது. இந்தக் கத்தியில் வாய் முழுக்க வளைந்து திரும்பியது.

அப்படியிருந்தும் முதல் வேலையிலேயே வாய் கெட்டது. காய்ந்த சீமைக்கருவேலக் கிளையைக் கழித்ததும், கணுவில் பட்ட இடங்களில் வாய் மடங்கிவிட்டது. வாயை மேல்நோக்கிப் பிடித்து விளக்கொளியில் பார்த்தால் தெரியும்: கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பாது, மடங்கிய இடம் மட்டும் புள்ளி புள்ளியாக மின்னும். பல் விழாமல் மடங்கியிருக்கிறது, கம்பிச் சோதனையிலும் தேறியிருக்கிறது. எனவே எஃகில் குறையில்லை, சாணையில்தான் குறை. பட்டறையில் ஒரு பக்கத்துக்கு 15 பாகையில் மெல்லிசாகப் பிடித்துக் கொடுத்திருந்தார்கள். காய்கறிக்கு அது அருமை, கணுவுக்குத் தாங்காது. இந்த இடத்தில் பலரும் கத்தியை மறுபடி காய்ச்சித் தோய்க்கக் கொண்டுபோகிறார்கள். அது வீண் வேலை, இருக்கும் நல்ல பதமும் போகும்.

வாயை இரண்டாகப் பிரித்துச் சாணை பிடித்ததில் சிக்கல் தீர்ந்தது. நுனியிலிருந்து 15 செ.மீ. வெட்டுவதற்கு, 20 பாகை; பிடியை ஒட்டிய 5 செ.மீ. சீவுவதற்கு, பழைய 15 பாகை. கோணம் அளக்கக் கருவி வேண்டாம். 4 செ.மீ. அகலக் கத்தியை கல்லில் வைத்து, முதுகின் நடுக்கோடு கல்லிலிருந்து 14 மி.மீ. உயர்ந்தால் 20 பாகை, 10 மி.மீ. உயர்ந்தால் 15. வாயோரம் மார்க்கர் பேனா மையைத் தடவி நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை விளிம்பு வரை அழிந்தால் கோணம் சரி. விளிம்பில் மை மிச்சமிருந்தால் முதுகை இன்னும் தூக்க வேண்டும். கார்போரண்டம் கல்லில் மறுபக்கம் பிசிர் எழும்வரை தேய்த்து, 1000 நம்பர் கல்லில் மெருகேற்றி, தோல் வாரில் இழுத்தால் போதும். மின்சாணையில் வைப்பதானால் அடிக்கடி தண்ணீரில் முக்கி எடுங்கள். வாயில் நீலம் ஓடினால் சூடு ஏறக்குறைய 300 பாகை செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று பொருள். வாய்க்குரிய கடினம் அந்த இடத்தில் குறைந்திருக்கும்.

திரும்ப அதே சீமைக்கருவேலம். மடக்கம் இல்லை. சிக்கிய கத்தியைத் திருகி எடுக்கக் கூடாது, வெட்டிய திசையிலேயே மேலே இழுக்க வேண்டும்.

விறகு பிளப்பதில் 5 மி.மீ. முதுகு நன்றாக உதவுகிறது, ஆப்பு போல இரு பக்கமும் விலக்கும். கட்டையின் குறுக்களவு 12 செ.மீ.க்குள் இருக்கட்டும். அப்போதுதான் தட்டுவதற்கு நுனிப்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கணு இல்லாத சவுக்குத் துண்டை நிறுத்தி, நடுவில் வைக்காமல் ஓரத்திலிருந்து பிளந்துகொண்டு வந்தால் சுலபம். தட்ட மரக்கட்டைதான், சுத்தியலோ கல்லோ பட்டால் முதுகு சிதையும். பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு தட்டினால் அதிர்ச்சி முழுவதும் பித்தளை ஆணிகளில் இறங்கும். தளர்வாக, மட்டமாகப் பிடித்தால் போதும்.

தீ மூட்டும் சுருள் சீவலுக்கு அந்தப் பின் 5 செ.மீ. இருக்கிறது. பெருவிரல் தடிமனுக்குக் காய்ந்த குச்சியை எடுத்து, கையை அசைக்காமல் தோளிலிருந்து தள்ளினால் சுருள் குச்சியோடு ஒட்டியபடி நிற்கும். சுருள் அறுந்து விழுந்தால் கோணம் அதிகம், குச்சியைச் சற்றுத் திருப்பி விளிம்பு முனையில் சீவுங்கள். உண்மையைச் சொன்னால், இந்த வேலையில் 2.5 மி.மீ. மெல்லிய கத்தியின் அருகில்கூட இது வராது.

கூடார முளைக்குச்சி: 30 செ.மீ. நீளம், 3 செ.மீ. தடிமன், நாலு முகமாகக் கூர், தலையிலிருந்து 5 செ.மீ. கீழே கயிறு மாட்டப் பள்ளம். தலையின் விளிம்பைச் சுற்றிலும் செதுக்கிவிட்டால் அடிக்கும்போது பிளக்காது. மூங்கிலையும் பிளக்கிறது, ஆனால் வெளித்தோலில் உள்ள சிலிக்கா கூரைச் சீக்கிரம் தின்றுவிடும். மூங்கில் வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது.

தீக்கோலில் (உரசினால் பொறி பறக்கும் உலோகக் கோல்) பொறி பறக்க முதுகு செங்கோண விளிம்பாக இருக்க வேண்டும். பட்டறை முதுகு உருண்டையாக இருந்தது. கட்டைவிரல் படும் இடத்தை விட்டு, அதற்கு முன்னால் 4 செ.மீ. மட்டும் அரத்தால் மட்டமாக ராவியதும் பொறி கொட்டுகிறது.

இது துருப்பிடிக்கும் எஃகு. இளநீர் சீவி அப்படியே வைத்தால் அன்றைக்கே கறை ஏறும். மாங்காய் நறுக்கினால் கருநீலமாகும், அந்த நிறம் கெடுதல் அல்ல. செம்பழுப்பாகப் பொடி எழும்பினால்தான் துரு. துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவுவது போதும், மற்ற தாவர எண்ணெய்களைப் போல அவ்வளவாகப் பிசினாகாது. கொடைக்கானல் குளிரில் உறைந்துவிடும், ஆனால் காவல் குறையாது. தோல் உறையிலேயே நாள்கணக்கில் விடாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

புளியங்கட்டை காய்ந்து காம்புக்கும் அதற்கும் இடையே முடி நுழையும் இடைவெளி விட்டிருக்கிறது. இப்போது ஆளிவிதை எண்ணெய் ஊறிக்கொண்டிருக்கிறது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள், சுருட்டிய துணி தானே சூடேறித் தீப்பிடிக்கும். கட்டை ஊறியபின்னும் இடைவெளி அடையாவிட்டால் ஆணியைக் கழற்றி எப்பாக்ஸி வைத்து மறுபடி அடிக்க வேண்டும்.