எனக்கு நானே பாடும் தாலாட்டு

ஜூலை 18

ஆசிரியர் தகுதித் தேர்வு முடிவு வந்ததிலிருந்து மண்டைக்குள் ஒரு குரல் ஓயவே மாட்டேன் என்கிறது. தக்கலை பஸ்ஸில் நிற்கும்போதும் டியூஷன் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தும்போதும், 'உனக்கெல்லாம் எதுக்கு இந்த ஆசை' என்று அதே பேச்சு. கணக்கில் மார்க் குறைந்துபோய் ஒரு பிள்ளை என் முன்னால் அழுதால் இப்படியா பேசுவேன்? கிறிஸ்டின் நெஃப் என்ற உளவியலாளர் 2003-இல் தன்பரிவு பற்றி எழுதியதன் அடிப்படையே இதுதான்: வேண்டியவரிடம் காட்டும் இரக்கத்தை உன்னிடமும் காட்டு, தோற்பது உனக்கு மட்டும் நேர்வதல்ல, வலியைப் பெரிதாக்காமலும் மறைக்காமலும் பார். படித்ததும் சரி என்றுதான் தோன்றியது. ஆனால் கண்ணாடி முன் நின்று 'நான் திறமைசாலி' என்று சொன்னால், உள்ளே இருப்பது உடனே மறுத்துப் பேசுகிறது. வெறும் பேச்சுக்கு அது மசியாது.

ஜூலை 20

தங்கச்சி, 'நல்லா குத்துப்பாட்டா போட்டுக் கேளு, சரியாப்போவும்' என்றாள். கேட்டேன், எரிச்சல்தான் வந்தது. இசை சிகிச்சையில் இதற்கு விளக்கம் இருக்கிறது. மனம் இப்போது எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கு ஒத்த இசையில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் போகவேண்டிய இடத்துக்கு நகர்த்த வேண்டும். 1940-களில் அமெரிக்காவில் ஆல்ட்ஷுலர் என்ற மருத்துவர் சொன்ன முறை இது. சோகமாக இருப்பவளிடம் முதலில் சோகத்தைத்தான் பாட வேண்டும். அது புரிந்த பிறகு போனில் பாட்டுகளை வரிசை மாற்றி வைத்தேன்: முதலில் மெதுவாக நாதஸ்வரம், அப்புறம் புல்லாங்குழல், கடைசியில்தான் தாளம் துள்ளுகிற ஒன்று. வெளியே மழை விடாமல் பெய்ததும் ஒரு விதத்தில் ஒத்தாசையாகத்தான் இருந்தது.

ஜூலை 23

இன்று சித்தி வீட்டில் அவளுடைய பேரனைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தபோது ஆச்சி பாடிய தாலாட்டு வாயில் வந்தது. பாதி வரி மறந்துவிட்டது, மெட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. பாடிக்கொண்டிருக்கும்போதே ஒன்று உறைத்தது. நம் தாலாட்டு அழுகிற பிள்ளையிடம் 'நீ என்ன தப்பு செய்தாய்' என்று கேட்பதே இல்லை. 'யார் அடித்து அழுகிறாய்' என்றுதான் கேட்கிறது; மாமனா, அத்தையா என்று ஒவ்வொருவராக விசாரிக்கிறது. குற்றம் எங்கே இருந்தாலும் பிள்ளைமேல் இல்லை. இவ்வளவு காலமாக இதை நம் பெண்கள் பாடிவந்திருக்கிறார்கள், நமக்கென்று மட்டும் அதைப் பாடிக்கொள்ளத் தோன்றவில்லையே!

ராத்திரி அந்த மெட்டில் என் சொற்களைப் போட்டேன். 'சாரமில்ல மக்களே, படிச்சது ஒண்ணும் வீணாப் போவல்ல, இன்னைக்கு இம்புட்டு போதும், உறங்கு.' எங்கள் ஊர்ப் பேச்சில் 'சாரமில்ல' என்றால் 'பரவாயில்லை'. வாய்க்குள்ளேதான், முணுமுணுப்பாக. கடைசி எழுத்தை மூச்சு தீரும்வரை இழுத்தேன். மூச்சை மெதுவாக நீளமாக விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும், அது உடம்பின் இயல்பு. அதனால்தானோ என்னவோ, கண்ணாடி முன் ஒட்டாத சொல் மெட்டோடு வந்தபோது மறுப்பில்லாமல் உள்ளே போனது. நடுவில் என் பெயரையும் சேர்த்துப் பாடினேன். ஈதன் கிராஸ் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பதற்றமான நேரத்தில் 'நான்' என்பதை விட்டுத் தன் பெயரைச் சொல்லித் தன்னோடு பேசியவர்கள் பதற்றத்தை நன்றாகச் சமாளித்தார்கள். தாலாட்டில் பெயர் சொல்லி அழைப்பது நமக்கு ஒன்றும் புதிதல்ல.

ஜூலை 27

பக்கத்து ஊர் முத்தாரம்மன் கோவில் கொடைத் திருவிழா. வில்லுப்பாட்டு கேட்க முன்வரிசையிலேயே உட்கார்ந்துவிட்டேன். புலவர் வீசுகோலை வில்லில் தட்டி ஒரு வரி பாடி நிறுத்தினால், இடப்பக்கம் இருந்து பின்பாட்டுப் பாடுகிறவர் 'ஆமா' என்று வாங்கிக்கொள்கிறார். குடமும் உடுக்கையும் அந்த 'ஆமா'வோடு சேர்ந்து விழும். கதையில் எவ்வளவு பெரிய துயரம் வந்தாலும் அந்த 'ஆமா' தவறுவதில்லை. ஆறுதலோ அறிவுரையோ கிடையாது, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது மட்டும்தான். வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அதை முயன்று பார்த்தேன். 'ரொம்ப வருத்தமா இருக்கு.' ஆமா. 'திரும்பவும் எழுதணுமான்னு பயமா இருக்கு.' ஆமா. இதற்குப் பிறகு தாலாட்டு வரி இன்னும் சுலபமாக வந்தது. முதலில் 'ஆமா', பிறகுதான் 'சாரமில்ல'. என்னைக் கேட்டால் இந்த வரிசைதான் முக்கியம்.

ஜூலை 30

முந்தைய பதிவைப் படித்துவிட்டு ஒரு தோழி, 'பல வாரமா உறக்கமும் இல்ல, சாப்பாடும் இறங்கல்ல, பாட்டு கேட்டா போதுமாடி' என்று கேட்டாள். போதாது. டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும் கொடுத்தேன், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். பாட்டு கூடவே இருக்கட்டும்.

காலையில் புத்தகத்தைத் திறந்து குழந்தை உளவியல் பகுதியிலிருந்து தொடங்கினேன். குரல் வந்தது. மெட்டை முணுமுணுத்துக்கொண்டே இரண்டாம் பக்கம் போனேன். ஞாயிற்றுக்கிழமை இரணியலில் பெரியம்மாவைப் பார்க்கப் போகிறேன், மறந்துபோன வரிகள் அவளுக்கு நினைவிருக்கும். உங்கள் வீட்டுத் தாலாட்டில் யார் யாரையெல்லாம் விசாரிப்பார்கள்? எழுதுங்கள்.