வலப்பக்க இருக்கைக்குப் போவதா? பாளையங்கோட்டை நாட்குறிப்பு

3 ஆகஸ்டு 2025, ஞாயிறு

காலையில் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினேன். ஆடிப்பெருக்கு என்பதால் குறுக்குத்துறையில் நல்ல கூட்டம். அம்மாவை அழைத்துப் போய் ஆற்றில் கால் நனைத்துவிட்டுத் திரும்பினோம். இரண்டு வார விடுப்பு முடிவதற்குள் ஒரு கடிதத்துக்கு நான் பதில் எழுதியாக வேண்டும். ஆறு ஆண்டுகளாக ஏடிஆர் 72 என்ற சிறிய விமானத்தில் கேப்டனாக இடப்பக்க இருக்கையில் இருக்கும் என்னை, வளைகுடா நாட்டு நிறுவனம் ஒன்று போயிங் 777 என்ற பெரிய ஜெட் விமானத்துக்கு ஃபர்ஸ்ட் ஆபிசராக, அதாவது வலப்பக்க இருக்கையில் அமரும் துணை விமானியாக, அழைத்திருக்கிறது. சம்பளம் கூடும், தோளில் இருக்கும் நான்கு கோடுகள் மூன்றாகும்.

"ஏளா, மேல இருந்து கீழ எறங்கதுக்கா அவ்வளவு தூரம் போணும்?" என்று அம்மா கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

5 ஆகஸ்டு, செவ்வாய்

எங்கள் தொழிலில் பதவி ஆளோடு கூடவே வருவதில்லை. 1,500 மணி நேரத்துக்குக் குறையாமல் பறந்து, தேர்வுகள் எழுதிப் பெற்ற உரிமம் என்னுடையது. கமாண்ட் எனப்படும் கேப்டன் பொறுப்போ ஒரு நிறுவனம் ஒரு வகை விமானத்துக்கு மட்டும் நம்பிக் கொடுப்பது. பல நிறுவனங்களில் சேர்ந்த தேதியை வைத்தே சீனியாரிட்டி வரிசை அமைவதால், இருபது ஆண்டுகள் பறந்தவரும் புது இடத்தில் கடைசி ஆளாகத்தான் நிற்பார். நேரடியாகக் கேப்டன்களைச் சேர்க்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் அதே வகை விமானத்தில் கேப்டனாகப் பறந்த மணிக்கணக்கைக் கேட்கும். ஏடிஆர் போன்ற டர்போப்ராப் (சுழல்விசிறி) விமானத்தில் நான் சேர்த்த மணிகள் அங்கே அந்தக் கணக்கில் சேரா.

இரவு ஒரு தாளில் கணக்குப் போட்டேன். எனக்கு 44 வயது. 2017ஆம் ஆண்டு விதிப்படி கேப்டன் ஒருவர் விலகுவதற்கு ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். 45இல் சேர்ந்தால், 65 வயது வரம்புக்கு இருபது ஆண்டுகள் இருக்கும். அதில் ஏழு ஆண்டுகள் வலப்பக்கம் கழிந்தாலும் பதின்மூன்று மிஞ்சும். 55 வயதுக்காரர் ஒருவர் இதே கேள்வியோடு வந்தால் போக வேண்டாம் என்றே சொல்வேன். இடையில் அந்த நிறுவனம் ஆட்களைக் குறைத்தால் கடைசியில் சேர்ந்தவருக்கே முதல் ஆபத்து. அப்போது அவருடைய கேப்டன் மணிகளும் பழையனவாகியிருக்கும்.

7 ஆகஸ்டு, வியாழன்

அம்பாசமுத்திரத்துக்குப் போய் மாமாவைப் பார்த்தேன். பணியில் இருந்தபோது, தலைமையாசிரியர் பதவி உயர்வு வெளியூரில் வந்ததால் அதைத் துறந்து, கடைசிவரை ஊரிலேயே ஆசிரியராக இருந்தவர் அவர். என் கதையையும் தம் கதையையும் ஒன்றாக வைத்து, தாராளமாகப் போகலாம் என்றார். அவர் சொன்னதில் அன்பு இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. ஏறாமல் நின்றவருக்கு இல்லாத ஒரு பழக்கம் ஏறி இறங்கியவருக்கு உண்டு. முடிவெடுக்கும் பழக்கம் அது. விமானி அறையில் அந்தப் பழக்கம் உதவவும் செய்யும், கெடுக்கவும் செய்யும்.

9 ஆகஸ்டு, சனி

தூத்துக்குடி சாலையில், விமான நிலையம் இருக்கும் வாகைக்குளம் வரை போனேன். பிரதமர் போன மாதம் 26ஆம் தேதி திறந்துவைத்த புதிய முனையத்தை வெளியிலிருந்து பார்த்தேன். ஓடுபாதையை 3,115 மீட்டருக்கு நீட்டியிருக்கிறார்கள். நான் பழகிய காலத்தில் அது 1,350 மீட்டர்தான்.

2019 நவம்பரில் ஒரு மாலை, கேப்டனாகி இரண்டாம் மாதத்தில், வடகிழக்குப் பருவமழைக்கு நடுவே நான் அங்கே இறங்க முயன்றேன். என் வலப்பக்கம் இருந்தவருக்கு 52 வயது. ஜெட் விமானங்களில் பல்லாண்டு கேப்டனாக இருந்து, தம் நிறுவனம் மூடப்பட்டபின் ஃபர்ஸ்ட் ஆபிசராக வந்து சேர்ந்தவர். வேகம் கூடியிருந்தது, மழை கண்ணாடியை மறைத்தது, இறக்கிவிடலாம் என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவர் குரலை உயர்த்தாமல், "கோ-அரவுண்ட், கேப்டன்" என்றார். இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறச் சொல்லும் சொல் அது. மேலே ஏறி, மதுரைக்குப் போய் இறங்கினோம். என்னைவிட மூன்று மடங்கு அனுபவம் உள்ளவர் அந்தச் சொற்றொடரில் "கேப்டன்" என்பதை விடாமல் சொன்னார் என்பதை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேர் இறந்த விபத்தின் விசாரணை அறிக்கை, ஃபர்ஸ்ட் ஆபிசர் மூன்று முறை கோ-அரவுண்ட் சொல்லியும் கேப்டன் இறங்கும் முயற்சியைக் கைவிடவில்லை என்கிறது. அந்த இருக்கையில் முன்னாள் கேப்டன் ஒருவர் இருந்திருந்தால் என்று பேசுவது இறந்தவருக்கு நியாயமாகாது. ஆனால் வலப்பக்கம் என்பது கீழான இடம் என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

10 ஆகஸ்டு, ஞாயிறு

அன்று கோ-அரவுண்ட் சொன்னவரைத் தொலைபேசியில் அழைத்து, கேப்டனாக இருந்துவிட்டு வலப்பக்கம் வந்ததில் எது கடினமாக இருந்தது என்று கேட்டேன். இருக்கை மாறியதால் இடக்கை வேலையும் வலக்கை வேலையும் மாறுவது சில வாரங்களில் பழகிவிடும் என்றார். ஏடிஆரில் தரையில் விமானத்தைத் திருப்பும் கைப்பிடி இடப்பக்கம் மட்டுமே இருப்பதால், கிளம்பும்போதெல்லாம் வெறுங்கையாக உட்கார்ந்திருப்பது முதலில் உறுத்தியதாம். அதைவிடப் பெரிய சிக்கல் மனத்தில் இருந்தது என்றார். கேப்டன் ஒரு முடிவெடுத்தபின்னும் தம் உள்ளத்தில் வேறொரு முடிவு ஓடிக்கொண்டே இருந்ததாகவும், அப்படி ஓடிய நேரங்களில் மானிகளைக் கவனிக்கும் தம்முடைய உண்மையான வேலை தவறியதாகவும் அவர் சொன்னார். இரண்டு கேப்டன்கள் அருகருகே அமரும்போது, மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருவருமே விட்டுவிடும் ஆபத்தும் உண்டு என்றார்.

13 ஆகஸ்டு, புதன்

எத்தனை ஆண்டுகளில் கமாண்ட் கிடைக்கும் என்று நிறுவனத்துக்கு எழுதியிருந்தேன். உறுதி தர இயலாது என்று பதில் வந்தது. நேர்மையான பதில் என்றே எடுத்துக்கொள்கிறேன். கமாண்ட் திரும்பக் கிடைக்கும் என்பதற்காக மட்டும் போகிறவர் போகக் கூடாது என்று எனக்கு இப்போது தெளிவாகத் தோன்றுகிறது. அவர் ஏழு ஆண்டுகளும் காத்திருப்பவராகவே அமர்ந்திருப்பார், துணை விமானியாக அமர்ந்திருக்கமாட்டார். அது கிடைக்காமலே 65 வயதானாலும் அந்த விமானத்தையும் நீண்ட இரவுப் பயணங்களையும் விரும்புவேனா என்று என்னையே கேட்டேன். விரும்புவேன்.

16 ஆகஸ்டு, சனி

ஒப்புதலை அனுப்பிவிட்டேன். விலகல் கடிதத்தில் அடுத்த ஆண்டு ஆகஸ்டு தேதியை எழுதினேன். அம்மாவிடம் அந்த மதுரைக் கதையைச் சொன்னபோது, "அப்பம் அவரு சொல்லலைன்னா?" என்று மட்டும் கேட்டார்.

இன்று இரவு ரயில். திங்கட்கிழமை சென்னையிலிருந்து வாகைக்குளம் வரும் பயணத்தில் விமானத்தை ஓட்டும் பொறுப்பை என் ஃபர்ஸ்ட் ஆபிசருக்குக் கொடுக்கப்போகிறேன். வேகம், உயரம், இறங்கும் வீதம் ஆகியவற்றைப் பார்த்துச் சொல்லும் வேலை என்னுடையது.